எழுபது மீட்டர்

மேலே ஹாரன் கிடையாது.
கண்ணாடியை இறக்கித் திட்டவும் வழியில்லை.
இடப்பக்கம் போ என்று
எந்த நாட்டுச் சட்டத்திலும் எழுதவில்லை.

டார்ம்ஸ்டாட்டில் இரவு இரண்டரை.
பனியை அளக்கும் செயற்கைக்கோள் ஒன்றுக்கு
இந்த வாரம் நான் இராக்காவல்.
காப்பி எந்திரம் என் காசை விழுங்கிவிட்டுக்
கம்மென்று நிற்கிறது.

திரையில் இரண்டு முட்டை வடிவங்கள்.
கோள் என்று நினைத்துவிடாதீர்கள்.
கோள் எங்கே இருக்கிறதோ என்கிற
எங்கள் அறியாமைக்குத்தான் அந்த உருவம்.
ஒவ்வொரு ரேடார் செய்திக்கும் கொஞ்சம் இளைக்கும்.
பெரும்பாலும் இளைத்து விலகிவிடும்,
நாங்கள் வீட்டுக்குப் போவோம்.
இன்று இளைத்தது. விலகவில்லை.

பத்தாயிரத்தில் ஒன்று என்பது எங்கள் கோடு.
திங்களன்று பதினைந்தாயிரத்தில் ஒன்று,
செவ்வாயன்று நாலாயிரத்தில்,
இப்போது எழுநூறில்.
"எழுநூறு சீட்டில் ஒரு சீட்டுதானே,
எனக்கு லாட்டரி விழுந்ததே இல்லை" என்கிறான் திபோர்.
எனக்கு விழுந்திருக்கிறது.
ஒரு டோஸ்டர்.

எதிரே வருவது குப்பையென்றால் நிம்மதி.
குப்பை தன் வழியில் வரும், நாம் ஒதுங்கலாம்.
இதற்கு உரிமையாளர் உண்டு.
குறுகிய நடையில் இருவர் எதிரெதிரே வந்து
ஒரே பக்கம் ஒதுங்கி
மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி
அசடு வழிவோமே,
அதை நொடிக்குப் பதினாலு கிலோமீட்டரில்
நினைத்துப் பாருங்கள்.

ரொசாரியோவுக்குத் தொலைபேசி.
அங்கே முன்னிரவு. ஒரு நாய், தட்டு கழுவும் சத்தம்.
எவாரிஸ்தோ என்று ஒருவர்.
சோயா வயல்களைப் படமெடுக்கும் கம்பெனி,
மொத்தம் மூன்று பேர்.
"நீங்கள் ஒதுங்குகிறீர்களா, நான் ஒதுங்கட்டுமா?"
கொஞ்ச நேரம் நாய் மட்டும்.
"எங்களுடையதற்குக் கால் கிடையாது அம்மணி.
எறிந்த கல். எறிந்த வழியே போகும்."
உட்கார நாற்காலி இல்லையென்று
விருந்தாளியிடம் சொல்கிற குரல்.

சரி, நானே.

பதினோரு கிராம் எரிபொருள்:
மூன்று கரண்டி சர்க்கரை.
நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளல்.
அவசரப்பட்ட எறும்பு முந்திவிடும்.
ஆனால் அரைச் சுற்று முன்பே தள்ளினால்
பூமியின் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது
எழுபது மீட்டர் ஏறியிருக்கும்.
கடைசி நொடியில் மலையாலும் ஆகாதது
ஐம்பது நிமிடம் முன்பென்றால்
சுண்டுவிரலுக்கு அடங்கும்.

நாலு பதினொன்று. ஸ்வால்பார்டில் பனிப்புயல்.
"ஏற்றாயிற்று" என்றாள் தோர்டிஸ்.
கோள் தொடுவானத்தில் இறங்கிவிட்டது.

சந்திப்பு தென் பசிபிக்கின் மேல்.
தீவில்லை, கப்பலில்லை, ஆன்டெனா இல்லை.

ஐந்து பதினேழு.
அந்த நொடியில் நான் என்ன செய்தேன்?
காப்பி எந்திரத்தை ஓர் உதை விட்டேன்.
காசைத் திருப்பித் தந்தது.

ஐந்து ஐம்பத்தொன்றுக்கு, புயலுக்குள்ளிருந்து
கீற்றாக ஒரு சமிக்ஞை.
வெப்பம் சரி. மின்கலம் சரி.
யாரும் கைதட்டுவதில்லை இங்கே.
பதிவேட்டில் "வழக்கம்போல்" என்று எழுதினான் திபோர்,
எழுத்துப் பிழையோடு.

பழைய பாதைக்குத் திரும்ப
இன்னொரு பதினோரு கிராம்.
ஆக எட்டு நாள் ஆயுள் போயிற்று.
வருங்காலத்தில் ஏதோ ஒரு வருஷம்
எட்டு நாள் கிரீன்லாந்துப் பனி
அளக்க ஆளின்றி உருகும்.

மோதியிருக்குமா? தெரியாது.
அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது சீட்டிலும்
நான் எட்டு நாளை வீணே எரித்தவள்.
மீதிச் சீட்டை
யாரும் பிரிக்கவே இல்லை.

மறுநாள் எவாரிஸ்தோ ஒரு படம் அனுப்பினார்.
வயல், வயல், நடுவே மண்சாலை.
அதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.
லாரிகளாம்.
"வீப்கே அம்மணிக்கு" என்று மட்டும் கீழே.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஒன்று ஓரமாக ஒதுங்கி
நிற்பதுபோல் இருந்தது.
பிக்சல் போதவில்லை.